மூக்கைக் கோப்பைக்குள் விட்டபோது

போன கோடையில், கலிபோர்னியாவின் சோனோமா கடற்கரைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்தது இது. நாங்கள் குடியிருக்கும் குபெர்டினோவில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அங்கே மூடுபனி. கொடிகள் எங்கே முடிகின்றன, கடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது என் மோப்ப சக்தியையும் கொண்டுபோயிருந்தது. பெருங்காயம் தாளித்தால் எண்ணெயின் சத்தம் மட்டும் வரும். மகளைக் கட்டிக்கொண்டால் யாரையோ கட்டிக்கொண்டது போலிருக்கும். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"வீட்லயே உக்காந்து டப்பா டப்பாவா மோந்து பாத்து அழாதடி, கெளம்பு" என்று இழுத்துப்போனவள் என் தோழி. "நான் டிரைவ் பண்ணணும், எனக்கு ஒரு வாய் போதும்" என்று இருவருக்கும் சேர்த்து ஒரே கோப்பை சிவப்பு ஒயின் வாங்கினாள்.

அவளும் குடிக்க வேண்டுமே, எச்சில் படக்கூடாதே என்று, பழக்கதோஷத்தில் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டேன். பாதி தொண்டையில், பாதி துப்பட்டாவில்.

"அடிப்பாவி, பஸ் ஸ்டாண்ட்ல தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கிறியே!"

ஊற்றிக்கொடுத்த பெண்மணியும் சிரித்துவிட்டார். மூக்கைக் கோப்பைக்குள் விட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் மூக்கு வேலை செய்வதில்லை என்றேன். அவர் பாவம் பார்க்கவில்லை. இந்தப் பனியில் பழம் பழுக்கவே ரொம்ப நாளாகும், நாங்களும் அவசரப்படுத்துவதில்லை என்றபடி இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"எச்சிலாயிடும்டி" என்றேன்.

"மொத்தமும் நீயே வெச்சுக்கோ தாயே!"

மூக்கை விட்டேன். ஒன்றுமில்லை. கோப்பையைச் சுழற்றி மறுபடி விட்டேன். ஒன்றுமில்லை. போதும் என்று எடுக்கப்போகையில் வந்தது. மழை ஈரத்தில் விழுந்து நசுங்கிய நாவல்பழம். ஒரே மூச்சு. போய்விட்டது.

"நாவப்பழம்டி!" என்று கத்தினேன். கண்ணில் நீர் கொட்டியது.

அவள் கோப்பையைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். "எனக்கு இருமல் மருந்துதான்டி வருது" என்றவள், அடுத்த நொடி என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

இன்னும் எல்லாம் திரும்பிவிடவில்லை. காபி இப்போதும் வெறும் சூடுதான். ஆனால் நம்பிக்கை என்பது எனக்குப் பெரிய வார்த்தையாக இல்லை இப்போது. ஒரு மூச்சு நேரமே வந்துபோனாலும், வந்தது வழி தெரிந்துதான் வந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன்.