வீரம்மாவின் ஏழு தவணைகள்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில், சைக்கிளில் விறகு கட்டி வந்த வீரம்மாவை வனக் காவலர் ஒருவர் மறித்துப் பொலிஸில் ஒப்படைத்தார். அரசின் ஒதுக்குக் காட்டில் மரம் தறித்ததாக வழக்கு. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டை விட்டு வந்து, வவுனியாவுக்கு வெளியே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவளுடையது. ஆனால் அன்றைக்கு அவள் பொறுக்கியது பட்டு விழுந்த பாலை மரக் கொப்புகள். கையில் கத்திகூட இருக்கவில்லை.

பிணையில் வந்தவளிடம் கணவன் மாயாண்டி, “ஓம் எண்டு ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டு. ஒரே நாளில முடிஞ்சிடும்” என்றான்.

“வெட்டாத மரத்துக்கு நான் ஏன் ஒத்துக்கொள்ளோணும்?”

மன்றில் குற்றப்பத்திரத்தை வாசித்துவிட்டு, “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்டார்கள். சுற்றவாளி என்றால் குற்றமற்றவர் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“காட்டைச் சுத்தினது உண்மைதான் ஐயா. ஆனா மரம் தறிக்கேல்லை.”

மன்றில் சிரிப்பு எழுந்தது. அவளுக்கு முகம் எரிந்தது. அங்கிருந்த சட்டத்தரணி நடராசா சிரிக்கவில்லை. எழுந்து, அவளுக்காகத் தான் இலவசமாக வழக்காடுவதாகச் சொன்னார். நீதவான் சுற்றவாளி என்று பதிந்து, விசாரணைக்கு வேறொரு நாளைத் தவணையாகப் போட்டார்.

அந்தத் தவணைக்கு வனக் காவலர் வரவில்லை. அடுத்ததற்கும் இல்லை. பிறகொரு தவணையன்று, வழியில் இராணுவச் சோதனைச்சாவடியில் வரிசை அசையவேயில்லை. அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பெயரைக் கூப்பிட்டு முடித்து, பிடியாணையும் போட்டிருந்தார்கள். நடராசா மன்றாடித்தான் அதை மீளப்பெற வைத்தார்.

“கோடாலி எங்கை, தறிச்ச மரக்குத்தி எங்கை எண்டு அந்தக் காவலரிட்டை நானே கேக்கிறன் ஐயா.”

“அவர் கூண்டில ஏறினாத்தானே அம்மா கேக்கலாம். பொறுங்கோ.”

பொறுத்தாள். தவணைக்குத் தவணை கூலிவேலையை விட்டுவிட்டு, பஸ்ஸில் அந்தக் கேள்விகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். ஏழாவது தவணையில், காவலர் இடம்மாறிப் போய்விட்டார், இனி வரமாட்டார் என்று பொலிஸார் அறிவித்தார்கள். வழக்குத் தள்ளுபடியானது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“வெண்டிட்டியள் அம்மா. வீட்டை போங்கோ” என்றார் நடராசா.

“என்னை ஒரு சொல்லுக் கதைக்க விடேல்லையே ஐயா! நான் வெட்டேல்லை எண்டு எங்கை எழுதியிருக்கு?”

நடராசா கோப்பைப் பார்த்தார். சாட்சி சமூகமளிக்கவில்லை என்றுதான் அதில் இருந்தது. பதில் சொல்வதற்குள் அவருடைய அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாயாண்டி, “இதைத்தான் நான் முதலே சொன்னனான்...” என்று தொடங்கினான்.

“வாயைத் திறக்காதையுங்கோ!” என்றாள் வீரம்மா.