வீட்டுக்கார அண்ணையின் சொரசொரப்பான பிடி

கைத்துப்பாக்கியின் பிளாஸ்டிக் பிடியைச் சொரசொரப்பாக்குவது கைரேகை பதியாமல் இருப்பதற்காகத்தான் என்று நான் முழுமனதாக நம்பினேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. கண்டேன், உடனே விளங்கிவிட்டது. பயந்தவனுக்கு எல்லாமே உடனே விளங்கிவிடும். அந்த விஷயத்தில் எனக்குத் தனித் திறமை உண்டு.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், அகதியாய் வந்த பனிநாட்டில், செயின்ட்-மிஷேல் என்ற பிரெஞ்சு பேசும் பகுதியில் வீட்டுக்கார அண்ணையின் கீழறையில் வாடகைக்கு இருந்தேன். ஊரில் இருந்த மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் உறங்கிக்கொண்டிருந்தது. நான் இருக்கும் வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் அது நேரே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு. ஆகவே மகா ஒழுக்கமாக வாழ்ந்தேன். ஆளரவமற்ற தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று, உறைபனியில் மூக்குச் சிவக்கப் பச்சைக்குக் காத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை பகல், பிளாஸ்டிக் கருகும் மணம் கீழே வந்தது. வீடுதான் பற்றிக்கொண்டதென்று மேலே ஓடினேன். மாரிக் குளிரில் குசினி யன்னல் அகலத் திறந்து கிடந்தது. அண்ணை கம்பளித் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாகக் குனிந்திருந்தார். கையில் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயன். அதன் சூடான நுனியை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக்கில் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தார். தொட்ட இடமெல்லாம் ஒரு குழியும் ஒரு நூல் புகையும். விளிம்பு தாண்டாமலிருக்கச் சுற்றிவர டேப் ஒட்டியிருந்தார். குத்தி முடித்த பக்கம் பலாப்பழத் தோல்போல இருந்தது. அழகாய்த்தான் செய்கிறார் என்று நினைத்த அதே கணத்தில் அது என்னவென்று கண்டுகொண்டேன். துப்பாக்கியின் குழலும் மேல்பாகமும் கழற்றி, இடியப்பத் தட்டில் சமர்த்தாக வைக்கப்பட்டிருந்தன.

“என்ன ஐசே, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்?” என்றார்.

“இல்லையண்ணை... மணந்தது.”

“வழுக்குது ஐசே, அதுதான். லைசென்ஸ் எல்லாம் இருக்கு, பயப்பிடாதையும். ஒருத்தரிட்டயும் கதைச்சுப் போடாதையும், என்ன?”

“ஓம் அண்ணை” என்றேன். லைசென்ஸ் என்ற சொல் என் காதைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஒருத்தரிடமும் கதைக்காதே என்பது மட்டும் போய் நெஞ்சில் குந்திக்கொண்டது. கோவிலில் பொங்கலுக்கு வரிசையில் நிற்கும் மனிதர், பனி கொட்டினால் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவியின் படியையும் சேர்த்து வழிக்கிற மனிதர், இப்போது யாரையோ போட்டுத்தள்ளப் போகிறார். பழி என் தலையில், என் மனைவியின் விசாவில். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கறி நல்லாயிருந்தபடியால் கொஞ்சம் இறங்கியது.

திங்கள் காலை அண்ணை வேலைக்குப் போன பிறகு கதவு மணி அடித்தது. திரைச்சீலையை விலக்கினேன். நீலச் சீருடை! என் கால் இரண்டும் ஊருக்கே போய்விட்டன. ஊரில் சீருடைக்காரன் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கேட்டால் நாங்கள் எல்லோரும் பழகிய பதில் ஒன்றுதான்: அந்த ஆள் இங்கே இல்லை, போய்விட்டார். வந்தவர் என் பெயரை நான்கு துண்டாக உடைத்துக் கேட்டார். நான் அறிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, “பார்த்தி, மிஸ்யூ. பார்த்தி” என்றேன், போய்விட்டார் ஐயா என்ற அர்த்தத்தில். கையை ஆட்டி வெகுதூரம் காட்டினேன். அவர் தலையாட்டி, கையிலிருந்த உறையில் ஏதோ கிறுக்கிக்கொண்டு, “மெர்சி” என்று நன்றி சொல்லிப் போனார். படியிறங்கும்போதுதான் தோளில் தொங்கிய தபால்பையைக் கண்டேன்.

வெறுங்காலுடன் பனியில் ஓடினேன். தபால் வண்டி முடக்கில் திரும்பி மறைந்தது.

பின்னேரம் அண்ணையிடம் அழாக்குறையாகச் சொன்னேன். “அட மடையா! உனக்கு வந்த காயிதத்தை நீயே இல்லையெண்டு சொன்னியோ?” என்றார், மரியாதை போன முதல் நாள் அது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னைக் காரில் ஏற்றினார். தபாலகத்தில் உறை ஏற்கனவே திருப்பி அனுப்பும் சாக்குக்குள் போய், சாக்கும் புறப்பட்டிருந்தது.

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினார். “தொண்ணூறில ஒருத்தன் என்ரை நெத்தியிலை துவக்கை வைச்சவன். சுடேல்லை. ஆனா அண்டையிலிருந்து படத்திலை துவக்கைக் கண்டாலும் கை வேர்க்கும். வேலையிடத்துப் போர்மன் சொன்னான், துவக்குச் சுடுற கிளப்புக்கு வா, கையிலை பிடிச்சுப் பார், பயம் போகுமெண்டு. பிடிச்சா வேர்வையிலை வழுக்குது. துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் காசு குடுத்துத் துவக்கு வாங்கினதெண்டா சனம் சிரிக்கும் ஐசே.”

நான் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் அவர் கை வைத்திருந்த இடம் ஈரமாக இருந்தது.

இப்போது விருந்துகளில் இந்தக் கதையை என் மனைவிதான் சொல்லுகிறாள், ‘பார்த்தி’க்கு என்னைப்போலவே கையையும் ஆட்டிக் காட்டி. நடந்தது இவ்வளவுதான். அந்த உறையில் இருந்தது அவளுடைய விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை அழைப்பு. அது திரும்பிப் போனதால் அவள் ஒரு வருடம் பிந்தி வந்தாள். அண்ணை அந்தத் துப்பாக்கியால் சுட்டது காகித வட்டத்தை. அதிலும் அனேகமாகப் படவில்லை.