படங்கு கட்டிய மழைமானி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே உள்ள சரிவில் மழைமானி ஒன்று நிற்கிறது. மழை அளவு மீறினால், மலை சரியலாம் என்று அதோடு இணைத்த சைரன் அலறும். அலறினால் லயத்துச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அதை வைத்துவிட்டுப் போன அதிகாரிகள் அவ்வளவுதான் சொன்னார்கள், அதையும் சிங்களத்தில்.

அந்த லயத்தில்தான் என் அக்கா இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறவள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஊர்ப் பிள்ளைகளிடம் செல்லுபடியாகிற என் விஞ்ஞானம் கூடப் பிறந்தவளிடம் செல்லாது.

முதல் மழைக்காலத்தில் சைரன் இரண்டு தடவை அலறியது. மலை அசையவில்லை. மண்டபத்திலிருந்து அக்கா திரும்பிப் போனபோது அவளுடைய கோழியை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"ஒங்க மிஷினு பொய்யி சொல்லுது தம்பி. கோழி போனது மட்டுந்தான் நெசம்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியும் சத்தமே இல்லை. சந்தேகப்பட்டு ஏறிப் பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகும்போது பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு, மழைமானியின் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தது. அக்காவின் பழைய படங்கு. அதன் ஓரத்துத் தையல் எனக்குத் தெரியும்.

இறங்கிப் போய்க் கேட்டபோது, "அதுக்கும் குளிரும்ல" என்று சிரித்தாள். மண்ணின் ஈரம், நிகழ்தகவு என்று தொண்டை வறள விளக்கினேன். அவள் பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி ஏறிப் படங்கை அவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாள் திரும்பவும் கட்டியிருந்தது.

அந்த வருஷத் திருவிழா நாடகம் என் தலையில் விழுந்தது. புராணத்தை விட்டுவிட்டு, நூறு வருஷம் கழித்து நடக்கிற கதையாக எழுதினேன். மலையைக் காவல் காக்க ஓர் இரும்புக் கங்காணி. தகரத்துக்குள் நானே நின்று நடித்தேன், தலையில் ஒரு படங்கோடு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் இரும்புக் கங்காணி பேசியது.

"எனக்கு மழைய மட்டுந்தான் அளக்கத் தெரியும். மலை வயித்துக்குள்ள என்னா நடக்குதுன்னு தெரியாது. பயந்துதான் கத்துறேன். பல தடவ ஒண்ணும் ஆகாது. ஒரு தடவ ஆயிட்டா?"

"தெரியாதுன்னு சொல்ற கங்காணிய இப்பத்தான் பாக்குறேன்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அக்காதான்.

அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். விஞ்ஞானத்தை நம்புங்கள் என்கிற எங்களுக்கு, அதற்குத் தெரியாததைச் சொல்ல வெட்கம். கற்பனைக் கதைக்கு அந்த வெட்கம் கிடையாது.

மழைமானியின் படங்கு காணாமல் போனது. அடுத்த மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சைரன் அலறியது. அக்கா வந்தாள், ஒரு கையில் பாய், மறு கையில் கோழிக்கூடை.

மலை அன்றும் அசையவில்லை. விடிந்ததும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளோ பாயை உதறிச் சுருட்டி என் வகுப்பறை அலுமாரி மேல் வைத்துவிட்டு, கோழிக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"பாய மறந்துட்டுப் போறியேக்கா."

"இருக்கட்டும். அடுத்த தடவ அதையும் தூக்கிக்கிட்டு ஓடி வர ஏலாது."