எங்கட வீட்டு வேகம்

நத்தார் அன்று மத்தியானம் வீட்டில் இருந்தது நான். என் மனுசன், சாய்மனைக் கதிரையில். மகள், குசினியில். மருமகன், நிலத்தில் குந்திக்கொண்டு, முன்னால் ரெக்கோட் பெட்டி. பக்கத்து வீட்டு ராத்தா, வாசலில். கேக் வாங்க வந்தவ. இருக்கச் சொன்னால் இருக்கமாட்டா.

வேறு ஒருவரும் இல்லை. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி, இரண்டு அறை. அதற்கு மேல் ஆள் கொள்ளாது.

என் மனுசன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் ஒரு அமெரிக்கக் கப்பல் வந்தது. அதில் சமையல்காரர் ஒரு கறுத்த மனுசர். கும்பிடவேணும், வேதக்கோயில் எங்கே என்று இவரிடம் கையால் கேட்டிருக்கிறார். இவர் கூட்டிக்கொண்டு போனார். கப்பலுக்குத் திரும்பும்போது அவர் ஒரு சின்ன ரெக்கோட்டை இவர் கையில் வைத்தார். யேசு பிறந்ததை அவருடைய ஆட்கள் பாடின நத்தார் பாட்டு. ஒரு ஓர்கன், கைதட்டல், ஒரு குரல், பின்னால் ஒரு கூட்டம்.

பெட்டி பஞ்சிகாவத்தையில் பழசாக வாங்கினது. வேகம் மாற்றுகிற குமிழ் அன்றைக்கே இறுகிப்போய்த்தான் இருந்தது. ரெக்கோட்டின் நடு ஓட்டை பெரிசு. இவர் ரப்பர் செருப்பை வெட்டி ஒரு வில்லை செய்து வைத்தார். பாடியது. பெரிய தொண்டை, ஆம்பிளைக் குரல், ஆறுதலான பாட்டு. இவருக்கும் அதே தொண்டை. இங்கிலீஷ் தெரியாது. சத்தத்தை அப்படியே பாடமாக்கினார். பெத்லகேம் என்ற சொல் மட்டும் எங்களுக்கு விளங்கும். அது வரும்போது சிலுவை போடுவோம்.

நத்தாருக்கு மட்டும்தான் போடுகிறது. கேக் வெட்ட முன்னம், ஒருதரம்.

பிறகு இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை போனது. பேச்சும் போனது. மிஞ்சினது ஒரு சொல். ஓம். தேத்தண்ணி வேணுமா, ஓம். வேண்டாமா, ஓம். நோகுதா, ஓம்.

அந்த வருச நத்தாருக்கும் ரெக்கோட்டைப் போட்டேன். இவர் பாடினார். ஓம் மட்டும் சொன்ன வாயிலிருந்து முழுப் பாட்டும் வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்தது. என்னப்பா என்று கேட்டேன். ஓம் என்றார்.

அன்றிலிருந்து வருசக்கணக்காக ஒவ்வொரு நாளும் போட்டேன். தவக்காலத்திலும் போட்டேன். கோயில் சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்.

"தவக்காலத்தில நத்தார் பாட்டுச் சரியில்லை அக்கா. பங்கில கதைக்கினம்."

தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார்கள். அவர்கள் படி இறங்கி முடிய முன்னம் ஊசியை வைத்தேன்.

இந்த வருசம் நவம்பரில் பெட்டிக்குள் பெல்ட் அறுந்தது. வீட்டில் குரல் இல்லை. இவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருமகன் வெள்ளவத்தையில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறவர். நல்ல பிள்ளை. தானே தூக்கிக்கொண்டு போய், நத்தார் அன்று கொண்டுவந்தார். புது பெல்ட், புது ஊசி. செருப்பு வில்லையை எறிந்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் வில்லை. இறுகின குமிழையும் இளக்கியிருந்தார்.

"மாமி, இப்ப சரியான ஸ்பீட்ல கேளுங்கோ."

போட்டார். பொம்பிளை பாடினா.

ஓர்கன் ஓடியது. கைதட்டல் அதைத் துரத்தியது. மகள் அகப்பையோடு ஓடிவந்து ஆடினா.

"ஐயோ அம்மா, இவ்வளவு காலமும் ஒரு பொம்பிளையை ஆம்பிளையாக்கி வைச்சிருந்தீங்களே!"

ராத்தா வாசலில் நின்று சிரித்தா. "எத்தின வருசமா சொவருக்கு அங்கால இருந்து கேக்குறேன் அக்கா. அந்த ஆம்புளட பாட்டுக்குத்தான் எங்கட மனுசன் பகலைக்குத் தூங்குறது. இனி என்னத்தப் போட்டுத் தூங்கவைக்க?"

நானும் சிரித்தேன். அந்தப் பொம்பிளை நல்லாத்தான் பாடினா. அதில் குறை சொல்லமாட்டேன்.

பிறகு இவரைப் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தார். முதல் சொல்லைப் பிடிக்கப் போனார். அது போய்விட்டது. அடுத்ததற்குப் போனார். அதுவும் போய்விட்டது. பெத்லகேம் வந்தது. இடக்கை நெஞ்சுவரைக்கும் எழும்ப முன்னம் பாட்டு தாண்டிவிட்டது. கையை மடியில் வைத்தார். வாயை மூடினார்.

இவர் பாடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆறுதலான வேகத்தில்தான் பாடுவார் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"நிப்பாட்டுங்கோ தம்பி. பழைய மாதிரிப் போடுங்கோ."

"அது பிழை மாமி. அவ பாடினது இப்பிடித்தான். மாமாவுக்கும் கேட்கக் கேட்கப் பழகிடும்."

"பழக்கத் தேவையில்லை."

"பாடினவவுக்கே மரியாதை இல்லை மாமி."

"அவ வந்து கேட்டால் நான் கதைக்கிறன்."

"கேட்கிற ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கிற ஆக்கள் கீழ போய்ச் சிரிக்கட்டும். படி இருக்கு."

மகள் ஆட்டத்தை நிற்பாட்டினா. "அம்மா, அவர் எவ்வளவு பாடுபட்டுச் செய்தவர். நத்தாரும் அதுவுமா."

"பாடுபட்டவர்தான். பெட்டி ஓடுது. மற்றதை நான் பார்க்கிறன்."

மருமகன் அசையவில்லை. நான் குந்தினேன். முழங்கால் நொந்தது. குமிழில் இரண்டு இலக்கம். அவ்வளவு வாசிக்கத் தெரியும். சின்ன இலக்கத்துக்குத் திருப்பினேன். ஊசியைத் தொடக்கத்தில் வைத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் வைத்திருப்பேன்.

ஆம்பிளை வந்தார்.

"ஆ, வந்துட்டாரு," என்றா ராத்தா.

இவர் முதல் சொல்லை விட்டார். இரண்டாவதைப் பிடித்தார். பிறகு ஒன்றையும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். பெத்லகேம் வந்தது. இடக்கையால் சிலுவை போட்டார். மருமகன் சைவம். அவரும் போட்டார், தோளை மாற்றி. நான் திருத்தவில்லை.

பாட்டு முடிந்தது. மருமகன் இவர் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்கவேண்டி இருந்தது.

"மாமா, இன்னொருக்கா?"

"ஓம்."

இந்த முறை மருமகனே ஊசியை வைத்தார். குமிழைத் தொடவில்லை. மேல் மாடியில் ஆரோ நிலத்தில் தட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினேன். மறுபடியும் தட்டினார்கள். மறுபடியும் கூட்டினேன். ஊசி தேயும் என்று மகள் சொன்னா. தேயட்டும் என்றேன்.

கேக் வெட்டப் பின்னேரம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் இவர் முழுசாகப் பாடினது, ஆறு தரம்.