டேங்க் ரொம்பிச்சா?

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதையும் இரண்டு முறை படித்தேன், பாடம் பிடித்துப்போனதால் அல்ல. தொழில் பெயின்ட் அடிப்பது. தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்குப் போடும் நாடகத்தில் ஜோக்கர் வேஷம் எப்போதும் எனக்குத்தான். மேக்கப் செலவு மிச்சம் என்பார்கள்.

நாடகம் எழுதுகிறவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லாருக்கும் வசனத்தை எழுதிக் கொடுப்பார். எனக்குத் தாளே கிடையாது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் திரை விழுந்துவிடும்.

"உங்க வீட்டுல எப்படிப் பேசுவியோ அப்படியே பேசுப்பா," என்பார். நான் பேசப் பேச போனில் பதிவு செய்துகொள்வார். என் உளறலையும் பத்திரப்படுத்த ஒரு ஆள் இருக்கிறாரே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வருஷம் போட்ட நாடகம், ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கும் அண்ணன் தம்பி சண்டை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீடும் அப்படித்தான். கீழே அண்ணன், மேலே நான், மோட்டார் சுவிட்ச் அண்ணன் வீட்டுக்குள். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, மொட்டைமாடியில் டேங்க் பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்துக் குரல் கொடுப்பான்.

"டேய், டேங்க் ரொம்பிச்சா?"

"ரொம்பிச்சுண்ணா, நிறுத்து."

பாகப்பிரிவினைத் தகராறில் பேச்சே நின்றுபோன மாதங்களிலும் இந்த இரண்டு வசனம் மட்டும் நிற்கவில்லை. மேடையில் அதைத்தான் பேசினேன். ஹாலே சிரித்தது.

மேடையில் பேசாதது ஒன்று இருந்தது. அப்பா செத்தபோது அண்ணன் அழவில்லை. சரியான கல்லு என்று சொந்தக்காரர்கள் காதுபடவே சொன்னார்கள். அடக்கம் முடிந்த சில நாளில் எங்கள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. சண்டை போடலாம் என்று கீழே இறங்கினேன். அண்ணன் வீட்டு பாத்ரூமில் குழாய் முழுசாகத் திறந்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவன் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். சத்தம் காட்டாமல் மேலே ஏறிவிட்டேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது ஒருநாள் வாத்தியார் சாரிடம் மட்டும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க, "அழுவுறதுக்குக்கூட ஒரு டேங்க் தண்ணிய காலி பண்றான் சார்," என்று ஒரு ஜோக்கைச் சேர்த்தேன். பிறகு, "இத நாடகத்துல போட்டுறாதீங்க சார்," என்றேன்.

"சேச்சே, என்னப்பா நீ," என்று தோளைத் தட்டினார். நாடகத்தில் போடவும் இல்லை.

பிறகு அந்த நாடகம் சினிமா ஆனது. கதை, வசனம் சார். எனக்கு அவர் சொல்லவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து என் மச்சான் போன் போட்டுச் சொன்னான். "மாமா, உன் மோட்டார் டயலாக் டிரெய்லர்ல வந்துகினு கீது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் குடும்பத்தையும் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாடகத்துக்கு ஒரு தடவைகூட வராத அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பக்கத்து சீட்காரரிடம், "இதெல்லாம் என் தம்பி பேசுன வசனம் சார்," என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு அந்த பாத்ரூம் வந்தது. என் வேஷத்தில் ஒரு தொந்திக்கார காமெடி நடிகர். ஸ்டூல் போட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். உள்ளே அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறான். நடிகர் எங்களைப் பார்த்துத் திரும்பி, என் டேங்க் ஜோக்கைச் சொன்னார். தியேட்டரே விசிலடித்தது. எங்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கி நீ வந்தியா?"

"ண்ணா..."

"அந்தாளுகிட்ட சொன்னியா?"

தலையாட்டினேன்.

"சரி. படத்தப் பாரு."

வெளியே வந்ததும் சாருக்குப் போன் போட்டேன். "அந்த சீனுக்குத்தான்பா எல்லா தியேட்டர்லயும் விசில்," என்றார் சந்தோஷமாக. "போடமாட்டேன்னு சொன்னீங்களே சார்," என்றேன்.

"நாடகத்துலதானே போட வேணாம்னு சொன்ன? அது உங்க அண்ணன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"எங்க அண்ணனுக்குத் தெரியும் சார்."

அப்புறம், "அடுத்த படத்துல உனக்கு ஒரு சின்ன வேஷம் வாங்கித் தரேன்பா," என்றார். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன். பேசினால் அதையும் பதிவு செய்துகொள்வார்.

அடுத்த வாரம் அண்ணன் எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து மோட்டாருக்கு ஒரு டப்பா மாட்டினான். டேங்க் நிறைந்தால் இப்போது மோட்டார் தானாகவே நின்றுவிடுகிறது. நல்ல வசதி.

காலையில் நான் இன்னமும் மொட்டைமாடிக்குப் போகிறேன். சுவரில் பெயின்ட் உரிகிறதா என்று பார்க்கப் போவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.