கயிற்றை யார் கழற்றுவது? ஏரல் குளத்தில் ஒரு கிளைடர் பயணம்

மாதிரிக் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இன்னொரு ரிமோட் விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். மதுரையில் எட்டு மாதம் மல்லுக்கட்டி, மூன்று மீட்டர் இறக்கையுடன் ஒன்றைச் செய்துவிட்டேன், இழுத்துவிடத்தான் ஆளில்லை. இணையக் குழுவில் என் புலம்பலைப் பார்த்த ஏரல் பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர், தன்னிடம் இழுவை விமானம் இருக்கிறது, குளமும் வற்றிக் கிடக்கிறது, வாருங்கள் என்றார். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

அதிகாலை நான்கு மணிப் பேருந்து. ஒன்றரை மீட்டர் பெட்டியைத் தூசி படாமல் வெள்ளை வேட்டியால் சுற்றியிருந்தது என் முட்டாள்தனம். பக்கத்து இருக்கைக்காரர் காலை மடக்கிக்கொண்டு, இறந்தது யார் என்று மெல்ல விசாரித்தார். விமானம் என்றேன். அதற்குப் பிறகு தூத்துக்குடி வரை அவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வந்தார். கண்டக்டர் மட்டும் எதுவும் கேட்காமல் பெட்டிக்கும் ஒரு முழு டிக்கெட் கிழித்தார்.

தூத்துக்குடிக் கடற்கரையிலேயே பறக்கவிடலாமே என்று முன்பே போனில் கேட்டிருந்தேன். துறைமுகமும் விமான நிலையமும் இருக்கிற ஊரில் அந்த ஆசையே கூடாது என்று அண்ணாச்சி அதட்டிவிட்டார். அதனால் டவுன் பஸ்ஸில் ஏரல். ஒரு மணி நேரம், முப்பது ரூபாய்.

மனிதர் பாதுகாப்பில் புலி. பறக்கத் தடையில்லாத பகுதிதானா என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தார். குளத்துக்குள் மேய்ந்த ஆடுகளை ஓரம்கட்டச் சொல்லி ஆட்டுக்காரரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டார். கயிற்றைக் கழற்றும் கொக்கி இரண்டு விமானத்திலும் வேலை செய்கிறதா என்று மூன்று தடவை சோதித்தார். பறவையோ வேறு விமானமோ வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவியான அக்கா குடையுடன் பின்னால் நின்றார். எந்த உயரத்தில், யார் சொல்லிக் கழற்றுவது என்பதை மட்டும் நாங்கள் பேசவில்லை.

இரண்டும் அழகாக ஏறின. போதுமான உயரம் வந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"கழற்றிடவா அண்ணாச்சி?"

"ஒங்க இஷ்டம் தம்பி. வந்தவங்கள நாமளா கழத்தி விடுதது மரியாத இல்லல்லா."

இழுத்துக் கொடுப்பவர் வாயால் சொல்லாமல் கழற்றிக்கொண்டு போக எனக்கும் மனம் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், இல்லை நீங்கள் சொல்லுங்கள் என்று உபசாரம் நீண்டது. அதற்குள் கடற்காற்று இரண்டையும் மேற்கே தள்ளிக்கொண்டு போனது. என் எட்டு மாத உழைப்பு கொசுவளவுக்குச் சுருங்கியது. எது இறக்கை, எது வால் என்றே தெரியவில்லை.

"ரெண்டு பேரும் மரியாத பண்ணியே பக்கத்து ஊரு ஆழ்வார்திருநகரியில கொண்டு போடப் போறீங்களா? தம்பி, கழத்துங்க," என்றார் அக்கா.

கழற்றினேன். கிளைடர் வலப்பக்கம், இழுவை விமானம் இடப்பக்கம் என்று முறைப்படி பிரிந்தன. தட்டுத்தடுமாறித் திருப்பிக் கொண்டுவந்தேன். குளத்துக்கு மேலே வரும்போது அண்ணாச்சியின் எஞ்சின் நின்றது. உபசாரத்திலேயே பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

எஞ்சின் நின்ற விமானத்துக்குத்தான் முதலில் இறங்கும் உரிமை. அந்த நிலையிலும் மனிதர், "நீங்க மொதல்ல எறக்குங்க, விருந்தாளி," என்றார். இந்தத் தடவை நான் உபசாரத்துக்கு நிற்கவில்லை. கிளைடரை விலக்கி ஒரு வட்டம் போட்டேன். அவர் விமானம் பூப்போல இறங்கியது. வட்டம் முடிவதற்குள் என் உயரம் தீர்ந்து, கிளைடர் கரையோரக் கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது.

மரத்தடியில் நீங்கள் இருங்கள், நான் ஏறுகிறேன் என்று நாங்கள் மறுபடி ஆரம்பித்தோம். அக்கா ஆட்டுக்காரரிடம் தொரட்டியை வாங்கி, கிளையை வளைத்து, கிளைடரைக் கைக்கு எட்டும்படி இறக்கிவிட்டார். இறக்கை நுனியில் ஒரு சாண் கிழிசல், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் பறந்துவிடுங்கள், அப்புறம் காற்று எகிறும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். பெட்டியை வண்ணத் துணியால் சுற்றுங்கள். எந்த உயரத்தில் கழற்றுவது, யார் குரல் கொடுப்பது என்பதைத் தரையிலேயே பேசி முடியுங்கள்.

கிழிசலுக்கு டேப் ஒட்டி, இழுவை விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றி, இன்னொரு தடவை ஏற்றினோம். அண்ணாச்சி வாயைத் திறக்கப் போனார். அக்கா குடையை மடக்கி அவர் முன்னால் நீட்டி, "கழத்துங்க," என்றார். கயிறு விழுந்தது. இருபது நிமிடம், மேலே கிளைடரும் கீழே நாங்களும் சத்தமே போடவில்லை.