மேற்கே முகம் திருப்பிய வாசல்

எங்கள் வீட்டு வாசல் வடக்குப் பார்த்ததும் இல்லை, மேற்குப் பார்த்ததும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்த ஆள் மாதிரி நிற்கும். அது அப்படி நின்றதற்கு முருகன்தான் சாட்சி. நானும் ஒரு சாட்சி. அப்போது எனக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற வயது.

அதற்கு முன்னால் இண்டூருக்குப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். தம்பி பிறந்ததும் இடம் போதவில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பெரியப்பாவே அப்பாவிடம், "காட்டுலயே ஒரு வூடு போட்டுக்கடா, பயிரயும் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற மேட்டுநிலம். மார்கழியில் கேழ்வரகு அடித்து முடித்தார்கள். தை பிறந்ததும் அப்பா தாமே கயிறு பிடித்து, முளை அடித்து, வேலையைத் தொடங்கிவிட்டார்.

மாசி முழுவதும் மண் மிதித்தோம். செம்மண்ணில் கேழ்வரகுத் தாளை நறுக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் மிதிப்பார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் குதிப்பேன். தம்பி புளியமரத்துத் தூளியில் தூங்குவான். முழ உயரம் சுவர் வைத்தால், அது காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த வரி. காய்கிற நாட்களிலும் சும்மா இருக்க மாட்டார்கள். அம்மா அவரைப் பந்தலுக்குக் குழி எடுப்பாள். அப்பா மூங்கிலைச் சீவி அடுக்குவார். எனக்கு ஒரு ஊஞ்சலும் கட்டிக் கொடுத்தார். மத்தியானம் மரத்தடியில் களி உருண்டை. அதற்கு இருந்த ருசி பிறகு எந்த விருந்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மட்டும் அம்மா வேலையை விட்டு நிமிர்ந்து நிற்பாள். பென்னாகரத்துப் பக்கத்து மலைகள் நீலமாகப் படுத்திருக்கும். அந்த மலையடியில்தான் அவள் பிறந்த வீடு. பங்குனி வெயிலில் சில நாள் மலையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, சிவப்பாக ஒரு கோடு ஓடும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழை வருகிறதா என்று பார்க்கிறாள் என நான் நினைத்துக்கொள்வேன்.

சுவர் ஆள் உயரம் வந்து, வாசல் நிலையும் வைத்த பிறகு பெரியப்பா பார்க்க வந்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய்விட்டாள். கணவனின் அண்ணன் எதிரில் நிற்பதோ பேசுவதோ எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. பெரியப்பா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். வாசலுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னடா இது, வூடு கோணிக்கிச்சி?"

"கோணிக்கலிங்கண்ணா."

"கோணிக்கலியா? எனக்கு ஒரு கண்ணுதாண்டா மங்கலு, ரெண்டும் இல்ல. வடக்கப் பாக்க வேண்டிய வாசலு எங்கியோ பராக்குப் பாக்குது. கயிறு புடிக்கறப்ப தூங்கிட்டியா?"

"மேல்காத்து நல்லா வரும்னு…"

"காத்து வந்து போறதுக்கா வூடு கட்டற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. மூலை பார்த்த வாசல் குடும்பத்துக்கு ஆகாது, பிள்ளைகள் தங்காது, இடித்துத் திருப்பி வை என்றார். திருப்பாவிட்டால் கூரைப்புல் ஏற்றிவரத் தம்முடைய வண்டி வராது, தாமும் அந்த வாசலில் நுழையப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு வேறு வண்டி ஏது? புல் வந்தால்தான் கூரை. கூரை இல்லாமல் சித்திரை மழை பிடித்துக்கொண்டால், நாங்கள் மிதித்த மண்ணெல்லாம் கரைந்து காட்டுக்கே திரும்பிவிடும்.

அன்று சாயங்காலம் அம்மா, "இடிச்சிடலாங்க. எனக்கோசரம் வேணாங்க" என்றாள்.

"உனக்கோசரம்னு யாரு சொன்னா? காத்துக்குன்னு சொன்னேன்" என்றார் அப்பா.

மறுநாள் அப்பா பெரியப்பாவிடம் போய், "சாமியக் கேட்டுப்புடலாங்கண்ணா" என்றார். எங்கள் ஊரில் தீராத வழக்கை முருகனிடம் கொண்டுபோவதுதான் முறை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, சாமி காலடியில் வைத்து, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் வாசல் இருக்கட்டும். சிவப்பு வந்தால் இடிப்பது. பெரியப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "சரி, பொட்டலம் நாந்தான் கட்டுவேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் குன்றுக் கோயிலுக்குப் போனோம். அம்மா வரவில்லை. பெரியப்பா கோயிலுக்குப் பின்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூவரச இலையில் பூ வைத்து வாழைநாரால் கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி இரண்டையும் சாமி காலில் வைத்து, கற்பூரம் காட்டி, "எடும்மா" என்றார். அந்த ஊஞ்சலும், அவரைப் பந்தலும், நான் குதித்த மண்ணும் எல்லாம் என் கையில் அல்லவா இருந்தன! முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

பிரித்தார்கள். வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை.

அப்பா விழுந்து கும்பிட்டார். பெரியப்பா இன்னொரு பொட்டலத்தைச் சட்டென்று எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு, "சாமியே சொன்னப்புறம் நான் யாருடா? வண்டியப் பூட்டு" என்றார்.

என்னை வண்டியில் தூக்கி வைக்கும்போது அவர் துண்டு அவிழ்ந்து அந்தப் பொட்டலம் வைக்கோலில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. சிவப்பு அரளியைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் அதைப் பிரித்தேன். அதிலும் வெள்ளைதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் வேண்டுதலுக்கு இரங்கி முருகன் சிவப்பையும் வெள்ளையாக்கிவிட்டான்! வண்டி காட்டில் நின்றதும் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் பூவைப் பார்த்தாள். தூரத்தில் மாட்டைத் தட்டிக்கொண்டு நின்ற பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமிதான் கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத. உங்க பெரியப்பாகிட்ட சொல்லவே சொல்லாத."

புல் வந்தது. பெரியப்பாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே கூரை வேய்ந்தார்கள். முதல் மழை கூரைமேல் விழுந்தபோது நாங்கள் உள்ளே உட்கார்ந்து சத்தம் கேட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த வாசலில் இருந்துதான் பிறகு ஆடியில் மலைமேல் மேகம் இறங்குவதையும், கார்த்திகையில் மலையடியில் தீபங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவதையும் பார்த்தோம். அந்த வீட்டில் தம்பியும் நானும் நன்றாகத்தான் வளர்ந்தோம். மூலை பார்த்த வாசல் எங்களை ஒன்றும் செய்யவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். பெரியப்பா, நுழைய மாட்டேன் என்ற அதே வாசலில் வலது காலை வைத்து நுழைந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து நிலையில் சாய்ந்து, எதிரே மலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் வளையல் சத்தம் எனக்கே கேட்டது. பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்கம்மாளக் கேளு, அவங்கப்பன் வூட்டு மல நல்லாத் தெரியுதான்னு."

நான் கதவைச் சுற்றிப் போய்க் கேட்டேன்.

"நல்லாத் தெரியுதுங்கன்னு சொல்லு."

திரும்பி வந்து சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்பவர்களுக்கு இது கேட்காதா, காது மந்தமா என்று நினைத்துக்கொண்டு நான் ஊஞ்சலுக்கு ஓடிவிட்டேன்.